ஹால் டிக்கெட்டில் எந்த வாரியத்தின் பெயர்? ஆன்லைன் பள்ளி பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

அண்ணாச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு, காலை 6.50-க்கு வேன் ஏறினால் வீடு வந்து சேர மாலை 5.45. மகன் ஊர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ‘அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பள்ளி’ என்று ஒரு விளம்பரம் வந்தது, இரண்டு பேரையும் அதில் போட்டுவிடலாமா, சர்டிபிகேட் செல்லுமா என்கிறீர்கள். கேள்வி ஒன்று மாதிரித் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. பள்ளியை விட்டு எடுப்பது சட்டப்படி சரியா, பிற்பாடு கையில் என்ன சான்றிதழ் இருக்கும், வீட்டிலிருந்து பிள்ளை உண்மையில் படிக்குமா. முதல் இரண்டுக்கும் விதியை வைத்து உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு யாராவது உறுதி கொடுத்தால் அவர் எதையோ விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேராமல் நேரடியாகத் தேர்வு எழுதும் தனித்தேர்வர்களின் விண்ணப்பங்களோடு பல வருஷம் புழங்கிய பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘அங்கீகாரம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பள்ளி தருவதில்லை, தேர்வு வாரியம்தான் தருகிறது. ஆகவே விளம்பரக்காரர் போனில் கிடைத்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்தாம் வகுப்பில் என் மகள் கையில் வரும் ஹால் டிக்கெட்டில் எந்த வாரியத்தின் பெயர் இருக்கும்? நேர்மையான ஆளாக இருந்தால் ‘என்ஐஓஎஸ்’ (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) என்றோ, ‘கேம்பிரிட்ஜ்’ (பிரிட்டனின் தேர்வு வாரியம்) என்றோ, ‘மாநில வாரியத்தில் தனித்தேர்வர்’ என்றோ உடனே சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ சான்று, சிறுதொழில் பதிவு எண், ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பின் முத்திரை என்று காட்டினால், அதில் எதுவுமே பள்ளி அங்கீகாரம் ஆகாது. சிறுதொழில் பதிவு மாவு மில்லுக்கும் கிடைக்கும். சிபிஎஸ்இ என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். ஒன்பதிலும் பத்திலும் அதன் இணைப்புப் பள்ளியில் பெயர் இருந்து, 75 சதவீத வருகையும் இருந்தால்தான் அந்த வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத முடியும். வீட்டில் இருந்துகொண்டே சிபிஎஸ்இ என்றால், எங்கோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பொய்க் கையெழுத்து விழப்போகிறது என்று அர்த்தம். அதைத்தான் ‘டம்மி பள்ளி’ என்கிறார்கள். பிடிபட்டால் பள்ளியின் இணைப்பு போகும், நடுத்தெருவில் நிற்பது பிள்ளை.

ஆக, ஆன்லைன் பள்ளி என்பது வாரியம் இல்லாத ஒரு டியூஷன் சென்டர். நல்ல டியூஷனாகவும் இருக்கலாம், மோசமான டியூஷனாகவும் இருக்கலாம். நீங்கள் முதலில் தேர்வைத் தீர்மானியுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, டியூஷன் தேவையா என்று அப்புறம் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

சட்டம். 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பொருந்தும். பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நடைமுறையில் நடப்பது இதுதான்: டிசி வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு எந்தப் பள்ளியும் அதை எடுக்காவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் பெயர் வரும். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வீடு தேடி வருவார். அவரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம், அது அவர் வேலை. மகளுக்கு எட்டாம் வகுப்பு முடியும்போது 14 நிறைந்துவிட்டால் இந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. மகனுக்குப் பத்து வயது, அவன் முழுக்கச் சட்டத்துக்குள் இருக்கிறான்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: எடுக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இல். கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். அதை எழுதவும் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் பெயர் இருக்க வேண்டும். அடுத்த ஜூனில் அவன் ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் உட்காருவதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆறாம் வகுப்பை ஆன்லைனில் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் திரும்பி வந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. தவிர, 2020 ஜூலையில் மத்திய கல்வி அமைச்சகம் ஆன்லைன் வகுப்புகளுக்கு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்புவரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷம் கொண்ட இரண்டு வகுப்புக்கு மேல் வேண்டாம் என்றது. பத்து வயதுப் பையனைத் திரை முன்னால் ஐந்து மணிநேரம் உட்கார வைக்கும் அட்டவணையை யாராவது காட்டினால், அந்தக் காகிதத்தில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கலாம்.

மகள் விஷயத்தில்தான் யோசிக்க இடம் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்பை நடுவில் விடாதீர்கள், முடித்தே ஆகட்டும். ‘ஒன்பதாம் வகுப்புக்குத் தகுதி பெற்றார்’ என்ற வரியோடு வரும் டிசி, பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்கப்படும் தாள். இல்லாவிட்டால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதி, அங்கிருந்து ஏறி வர வேண்டும்.

அதன்பின் இரண்டு பாதை. ஒன்று, நம் மாநில வாரியத்திலேயே பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்து, பதினாலரை வயதும் நிறைந்திருக்க வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் அறிவியல் செய்முறை. 75 மதிப்பெண் எழுத்து, 25 மதிப்பெண் செய்முறை. செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பெயர் கொடுத்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய், 80 சதவீத வருகை காட்ட வேண்டும். அந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்னாலேயே வந்து, பேப்பரில் ஒரு மூலையில் போட்டு முடிந்துவிடும். டிசம்பரில் தேர்வு விண்ணப்பம் போட வந்து நிற்கும்போதுதான் ‘செய்முறைக்குப் பதிஞ்சாச்சா?’ என்று கேட்பார்கள். பதியாவிட்டால் அந்த வருஷம் போச்சு. இந்தப் பாதையில் பாடப்புத்தகம் மகள் ஏற்கெனவே படிக்கும் அதே மாநிலப் புத்தகம், ஊரில் எந்த டியூஷன் வாத்தியாரும் சொல்லிக்கொடுப்பார். சான்றிதழின் மதிப்பிலும் பேச்சுக்கு இடமில்லை.

இன்னொன்று என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979-இல் சிபிஎஸ்இயின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி அமைப்பானது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்தால் போதும். ஐந்து பாடம்; ஒரு மொழியாவது கட்டாயம், இரண்டு மொழிவரை எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும், தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வு. 20 சதவீத மதிப்பெண் வீட்டில் எழுதும் ஒப்படைப்புகளுக்கு. இவற்றைக் கையால் எழுதி, ஸ்கேன் எடுத்து, கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு மதிப்பெண் குறைந்ததென்று புலம்புகிறவர்கள் அதிகம்.

பாடத் தேர்வில் ஒரு கண்ணி இருக்கிறது. கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட்டு மனையியல், ஓவியம் என்று எடுத்துச் சுலபமாகத் தேறிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தேறலாம்தான், ஆனால் பிளஸ் ஒன்னில் கணித, அறிவியல் பிரிவு கேட்டுப் போகும்போது வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மகளுக்கு எந்தப் படிப்பு என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்றே எடுங்கள். தமிழை விட்டுவிட்டு இந்தி எடுத்தால் மதிப்பெண் கூடும் என்பதும் அடிக்கடி காதில் விழும் யோசனை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த பிள்ளைக்கு அது வேண்டாத வேலை.

காலக் கணக்கு முக்கியம். ஏப்ரல் தேர்வின் முடிவு பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் வரும். நம் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை மே மாதமே தொடங்கி, நல்ல பிரிவுகள் நிரம்பிவிடும். அதனால் அக்டோபர் தேர்வைக் குறிவையுங்கள். மகள் 2026 ஏப்ரலில் எட்டை முடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை 2026–27-இல் வீட்டில் படித்து, 2027 ஜனவரிக்குள் பதிந்து, 2027 அக்டோபரில் ஐந்து பாடத்தையும் எழுதலாம். ஒன்றிரண்டு போனாலும் 2028 ஏப்ரல் கையில் இருக்கிறது. 2028 ஜூனில் கூடப் படித்தவர்களோடு பிளஸ் ஒன்னில் உட்கார்ந்துவிடலாம், ஒரு வருஷமும் இழப்பில்லை. அக்டோபர் தேர்வுக்கான சேர்க்கை ஜனவரி இறுதியோடு, ஏப்ரல் தேர்வுக்கானது அதற்கு முந்தைய ஜூலை இறுதியோடு அபராதமில்லாமல் முடிவது வழக்கம். ஆனாலும் அந்தந்த வருஷத்துத் தேதியை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஐஓஎஸ் பதிவை நீங்களே போடுங்கள். கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். இடைத்தரகர் போட்டால் தன் செல் நம்பரையும் தன் ஈமெயிலையும் கொடுத்துவிடுவார். ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவர் போனை எடுக்க மாட்டார். இன்னொரு பழைய தலைவலி இன்ஷியல். பள்ளிச் சான்றில் ‘எஸ்.’ என்று முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பிறப்புச் சான்றில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றில் எது ஏறுகிறதோ, பாஸ்போர்ட் வரைக்கும் அதுதான் பேசும். பதிவுக்கு முன்னால் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆதாரைத் திருத்த வேண்டுமானால் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த ஊர் என்று பாருங்கள். செய்முறைக்கு நீங்கள்தான் அங்கே கூட்டிப் போக வேண்டும்.

என்ஐஓஎஸ் சான்றிதழ் எங்கே செல்லும்? உயர்கல்வியில் செல்லும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின், ஐந்து பாடங்களோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த திறந்தநிலை மாணவர்களை ஏற்கிறது. மருத்துவத்துக்கு நீட் எழுதுவதில் பழைய தடை ஒன்று இருந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2024-இல் அது உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்து வழி திறந்தது. பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். அது இல்லாதவர்கள் இருப்பிடச் சான்று வைக்க வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாநில அரசு வேலை என்று வந்தால், அந்தந்த அறிவிப்பில் போட்டிருக்கும் கல்வித் தகுதி வரியைத்தான் பார்க்க வேண்டும், பொதுவாக ஒரு சொல்லில் முடிக்க முடியாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு முதல் வகுப்பிலிருந்தே பள்ளிச் சான்று கேட்கிறார்கள், வீட்டில் படித்த காலத்துக்கு அதைத் தர ஆளில்லை. அரசு வேலைதான் குறி என்றால் என் கை மாநில வாரியத் தனித்தேர்வைத்தான் காட்டும். அதையும்விட, பக்கத்துப் பள்ளியை.

கேம்பிரிட்ஜ் பாதையும் முறையானதுதான். ஆனால் பாடத்துக்குப் பாடம் தேர்வுக் கட்டணம், அதை எழுத விடும் மையத்துக்குப் பயணம் என்று செலவு வேறு தரத்தில் இருக்கும். உங்கள் கேள்வியில் சொன்ன வரவு செலவுக்கு அது பொருந்தாது.

விதி இத்தோடு முடிந்தது. இனிச் சொல்வது அனுபவக் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி வீடியோ வகுப்பு ஒரு மணிநேரத்துக்குச் சுமார் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிவரை தின்னும், படத்தின் தரத்தைப் பொறுத்து. நான்கு மணிநேர வகுப்புக்கு நாள் ஒன்றுக்கு 2 ஜிபி பேக் மதியத்துக்குள் தீர்ந்துபோகும், மலையோர ஊர்களில் சிக்னலும் சேர்ந்து கழுத்தறுக்கும். ஃபைபர் இணைப்பு இல்லாமல் தொடங்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரன்ட் போனால் ரவுட்டரும் போகும். ரவுட்டர் 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் அளவுதான் இழுக்கும்; அதற்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருந்தால் நாலைந்து மணிநேரம் தாங்கும். போனில் பாடம் படிக்க வைக்காதீர்கள். பத்து அங்குலத்துக்குக் குறைந்த திரையில் கணக்கு வரி கண்ணுக்குப் பிடிபடாது.

கை எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேர்வு மூன்று மணிநேரம், பேனாவால். இரண்டு வருஷம் திரையைத் தொட்டும் தட்டச்சு செய்தும் பழகிய பிள்ளைக்குப் பதில் எல்லாம் தெரிந்திருக்கும். ஒன்றரை மணிநேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி பிடித்து, வரி மேலும் கீழும் ஏறி இறங்கத் தொடங்கும், கடைசி ஐந்து மதிப்பெண் வினாக்கள் வெறுமையாகக் கிடக்கும். ஒரு எளிய சோதனை: கோடு போட்ட நோட்டில், பாடத்தைப் பார்த்தே, பதினைந்து நிமிஷத்தில் தெளிவாக ஒரு முழுப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை கடிகாரத்தை வைத்து முழு வினாத்தாள் எழுத வையுங்கள்.

பாடத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டத்தான் வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. மாநிலப் பாடப்புத்தகங்களின் கியூஆர் குறியீட்டை வருடினால் திக்‌ஷா வீடியோ வரும். 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. மணற்கேணி செயலி இலவசம். என்ஐஓஎஸ்ஸில் பதிந்தவர்களுக்கு அவர்களே மெய்நிகர் பள்ளி ஒன்றை 2021 முதல் நடத்துகிறார்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. பள்ளியில் படிக்காத பிள்ளைக்கு அது மாதம் ஒரு முறை போக வேண்டிய இடம். காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பருவம் பருவமாகக் கட்டுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்று உங்கள் பான் எண்ணைக் கேட்டால், அது நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஏறும் கடன். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது.

இழப்பு எது என்றும் சொல்லியாக வேண்டும். குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டிவரை ஓட பள்ளியில் பெயர் வேண்டும். உங்கள் மகள் கோகோ ஆடுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அணி பள்ளியோடு போய்விடும். பகல் முழுக்க ஊரில் அவள் வயதுப் பிள்ளை ஒன்றுகூட இருக்காது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் யார் கூட உட்காருவார்கள் என்பதை உங்கள் கேள்வியில் காணோம். அம்மா பீடி சுற்றிக்கொண்டே பார்த்துக்கொள்வார் என்பது பதில் ஆகாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாத ஆன்லைன் படிப்பு மூன்றாம் மாதம் யூடியூப் ஆகிவிடும். விதிவிலக்கான பிள்ளைகள் உண்டு. உங்கள் மகள் அப்படியா என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது.

உண்மையில் உங்களைக் குத்துவது வேன் நேரம்தான் என்று தோன்றுகிறது. ஒரு நாளைக்கு இரண்டரை மணிநேரம் என்றால், 210 வேலைநாளுக்கு 525 மணிநேரம். பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிச் சொல்லியே சுற்று வட்டாரப் பிள்ளைகளை வேனில் அடைத்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்பை சேரன்மகாதேவியிலேயே ஒரு பள்ளியில் படிக்க வைத்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும், மாலையில் ஒரு மணிநேர ஆன்லைன் வகுப்பும் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதம்வரை இந்தக் கதவு அகலத் திறந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு வருஷம் கடந்துவிட்டால் நேரே பத்தில் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தேடுவது கடினம்.

முடிவெடுக்கும் முன் மே விடுமுறையில் மூன்று வாரம் ஒத்திகை பாருங்கள். சனி, ஞாயிறு கணக்கில்லாமல் 15 நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி, ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும், இலவச வீடியோக்களை வைத்தே. ஒரு நோட்டில் தினமும் மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள், திரையை அணைத்துவிட்டு எத்தனை பக்கம் எழுதினாள், பெரியவர்களில் யார் கூட இருந்தார். 15-இல் 12 நாளாவது மூன்றும் நிரம்பியிருந்தால் டிசிக்கு எழுதிக் கொடுங்கள். குறைந்தால் சேரன்மகாதேவியில் ஒன்பதாம் வகுப்பு விண்ணப்பம் எப்போது தருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.